4 டாலர் படகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை... ஹாங்காங்கில் ஒரு திண்டுக்கல் ஜோடி!

கையை நீட்டினால் இந்தப் பக்கச் சுவர். காலை நீட்டினால் அந்தப் பக்கச் சுவர். கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் இரண்டு முதுகுப்பைகளையும் இறக்கி வைத்தால் கதவைச் சாத்த முடியவில்லை. ஒரு பையைத் தூக்கிக் கட்டில் மேல் போட்ட பிறகுதான் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க... நம்ம வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இதைவிடப் பெருசா இருந்துச்சே!" என்றார் மனைவி.

"அந்தப் பெட்டிக்கு ஒரு ராத்திரிக்கு 3,850 ரூபா வாடகை இல்லையே" என்றார் கணவர், கையில் கணக்கு நோட்டுடன்.

ஹாங்காங்கின் சிம் ஷா சுய் பகுதியில், நாதன் ரோட்டின் மேல் நிற்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம் அது. 1961-ல் கட்டிய 17 மாடி. மேலே குட்டிக்குட்டி விடுதிகள், கீழே பணம் மாற்றும் கடைகள், செல்போன் கடைகள், இந்திய, பாகிஸ்தான், நேபாளச் சாப்பாட்டுக் கடைகள். உலகத்தின் விலையுயர்ந்த நகரங்களில் ஒன்றில், நடுத்தெருவில், கையைக் கடிக்காமல் தங்க வேண்டுமென்றால் முதுகுப்பைக்காரர்கள் முதலில் விசாரிப்பது இந்தக் கட்டடத்தைத்தான்.

"கப்பல் பார்க்கணும்னா தூத்துக்குடிக்குப் போ!"

திண்டுக்கல்லைச் சேர்ந்த இந்த ஜோடிக்குத் திருமணமாகி மூன்று வருடங்கள். கணவர் ஒரு பைக் ஷோரூமில் கணக்காளர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பெயரும் படமும் வேண்டாம் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. "வெளிநாடு போறதுக்குக் காசு இருக்கு, வாங்குன கைமாத்தைக் கொடுக்கக் காசு இல்லையான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க" என்பது காரணம்.

சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது முளைத்த ஆசை இது. விமான டிக்கெட் தனி. அது போக ஐந்து நாட்களுக்கு, இருவருக்கும் சேர்த்து 35,000 ரூபாய். ஒரு ஹாங்காங் டாலர் ஏறக்குறைய 11 ரூபாய் என்று வைத்தால், கையில் சுமார் 3,200 டாலர். அதற்கு மேல் ஒரு காசு கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே கோடு போட்டாகிவிட்டது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை. கணவரின் அம்மா.

"கப்பல் பாக்கணும்னா தூத்துக்குடிக்குப் போங்கடா. எவன் ஊரையோ பாக்குறதுக்கு எதுக்குக் காசைக் கரியாக்குறீங்க?"

அந்த அம்மா வெளிநாடு தெரியாதவர் இல்லை. எட்டு வருடங்கள் குவைத்தில் ஒரு வீட்டில் தங்கி சமையல், துணி, பிள்ளைகள் என்று எல்லா வேலையும் பார்த்தவர். மகன் பி.காம் படித்தது அந்தப் பணத்தில்தான். ஆனால் குவைத் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் "வெயிலு" என்ற ஒரே வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொள்வார். மகனும் அதற்கு மேல் கேட்டதில்லை.

இந்தியர்கள் ஹாங்காங் செல்ல விசா தேவையில்லை. ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் 'முன்வருகைப் பதிவு' செய்தே ஆக வேண்டும். கட்டணம் கிடையாது. அனுமதி கிடைத்தால் 14 நாட்கள் வரை தங்கலாம். அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கே விமானம் மாறி ஒரு வியாழக்கிழமை மதியம் இறங்கினார்கள்.

முதல் சேமிப்பு விமான நிலைய வாசலிலேயே. நகருக்குள் விரைவு ரயில் இருக்கிறது. தலைக்கு நூறு டாலருக்கு மேல். அதே நாதன் ரோட்டுக்கு ஏ21 என்ற மாடி பஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு விலையில் போகிறது. கூடுதலாக, மேல்மாடி முன்சீட்டில் உட்கார்ந்து பெரிய பெரிய பாலங்களையும் கன்டெய்னர் துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டே வரலாம். தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல வண்ண வண்ணக் கன்டெய்னர்கள். "தூத்துக்குடியில இவ்வளவு இருக்குமா?" என்று மனைவி கேட்க, கணவர் மாமியார் கட்சியா மனைவி கட்சியா என்று முடிவெடுக்க முடியாமல் சிரித்து வைத்தார்.

ஐந்து காசுக்கு நடந்த கலவரம்

அன்று மாலை பணம் மாற்றப் போன இடத்தில் தமிழ்க்குரல் கேட்டது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக்கல் வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இந்தச் சிம் ஷா சுய் பகுதியில் இருக்கின்றன. அப்படி வந்த ஒரு பெரியவர் இவர்களின் பேச்சைக் கேட்டு நின்றார். ஊரை விசாரித்தார். பிறகு ஒரே ஒரு யோசனை சொன்னார்.

"தம்பி, படகுல மேல்தட்டுக்கு எல்லாரும் போவாங்க. நீங்க கீழ்த்தட்டுல போங்க. டிக்கெட்டும் கம்மி, தண்ணியும் கிட்ட தெரியும்."

அவர் சொன்னது ஸ்டார் ஃபெர்ரி. கவுலூன் கரைக்கும் ஹாங்காங் தீவுக்கும் நடுவே விக்டோரியா துறைமுகத்தில் ஓடும் பச்சை, வெள்ளை படகு. பத்து நிமிடப் பயணம். வார நாட்களில் கீழ்த்தட்டுக்கு 4 டாலர், மேல்தட்டுக்கு 5 டாலர். சனி, ஞாயிறில் கொஞ்சம் கூடும்.

இந்தப் படகைத் தொடங்கியவர் நம்மவர் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயிலிருந்து வந்த பார்ஸி, தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. சமையல்காரராக வாழ்க்கையைத் தொடங்கி, ரொட்டிக்கடை, ஹோட்டல் என்று வளர்ந்தவர். 1888-ல் படகு கம்பெனி ஆரம்பித்தார். பத்து வருடங்கள் கழித்து, 1898-ல், அது ஸ்டார் ஃபெர்ரி என்ற பெயருக்கு மாறியது.

1972-ல் கடலுக்கடியில் சுரங்கச்சாலை வரும்வரை, இக்கரையில் குடியிருந்து அக்கரையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் படகை விட்டால் வேறு வழி குறைவு. அதனால்தான் 1966-ல் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 காசாக உயர்த்தப் போகிறார்கள் என்றபோது ஊர் கொதித்தது. ஓர் இளைஞர் தனியாளாகப் படகுத்துறை வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவரைக் கைது செய்ததும் கூட்டம் தெருவில் இறங்கியது. கலவரத்தில் ஒருவர் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். வெறும் ஐந்து காசு. அதுவும் மேல்தட்டுக்கு மட்டும்தான். ஆனால் இன்றைக்கு மேல்தட்டு என்றால் நாளைக்கு அரிசி, வாடகை என்று எல்லாம் ஏறும் என்பது அன்றாடங்காய்ச்சிகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்று சுரங்கச்சாலைகள் இருக்கின்றன, மெட்ரோ இருக்கிறது. ஆனாலும் படகு ஓடுகிறது. மர பெஞ்சுகளில் நட்சத்திர வடிவில் துளைகள். பெஞ்சின் முதுகுப்பலகையைத் தள்ளினால் மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். படகு எந்தத் திசையில் போனாலும் நாம் முன்னால் பார்த்தே உட்காரலாம். நீலச் சீருடை ஊழியர் நீளக் கொக்கிக் கம்பால் கயிற்றைப் பிடித்துக் கரையில் கட்டுவதை மனைவி வாய் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்த்தட்டில் இன்ஜின் சத்தம் அதிகம், டீசல் வாசம் உண்டு. பெரியவர் சொன்னதுபோல தண்ணீர் கிட்டத்தில் இருந்தது. அலை அடித்தபோது உப்புத்தண்ணீர் முகத்தில் தெறித்தது.

இரவு எட்டு மணிக்கு அக்கரைக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து ஒளி, ஒலிக் காட்சி நடத்துகின்றன. 2004-லிருந்து நடக்கும் இலவசக் காட்சி. சிம் ஷா சுய் கரையில், 1915-ல் கட்டிய மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். ஒரு காலத்தில் அங்கே சீனாவுக்குள் போகும் ரயில்களின் நிலையம் இருந்தது. நிலையத்தை இடித்துவிட்டார்கள், மணிக்கூண்டு மட்டும் மிச்சம்.

முதல் நாள் செலவு கோட்டுக்குள் அடங்கியது. நோட்டில் ஒரு டிக்.

அன்னாசி இல்லாத அன்னாசி பன்

வெள்ளிக்கிழமை காலை உள்ளூர்க்காரர்களின் டீக்கடை. 'பைனாப்பிள் பன்' வாங்கி, பிய்த்துப் பார்த்து, "இதுல அன்னாசி எங்கங்க?" என்று தேடினார் மனைவி. இருக்காது. மேலே சர்க்கரை மாவு வெடித்து அன்னாசித் தோல்போல இருப்பதால் அந்தப் பெயர். கூடவே பால் டீ. துணிப் பையில் தேயிலையைப் போட்டு இறக்கும் அந்தக் கடைக்காரரைப் பார்த்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்ததாம். இருவருக்கும் சேர்த்துக் காலை உணவு 60 டாலருக்குள் முடிந்தது.

படகில் தீவுக்குப் போய், அங்கிருந்து டிராம். 1904-லிருந்து ஓடுகிறது. மணிச் சத்தத்தை வைத்து ஊர்க்காரர்கள் 'டிங் டிங்' என்று கூப்பிடுகிறார்கள். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு போட வேண்டும். ஒரு நிறுத்தம் போனாலும் கடைசிவரை போனாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். மாடியின் முன்சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். காய்கறிச் சந்தை, கருவாட்டுக் கடை, வங்கிக் கோபுரம் எல்லாம் முகத்துக்கு நேரே வரும்.

சென்ட்ரல் பகுதியில் மலைமேல் ஏறும் நகரும் படிக்கட்டு இன்னொரு இலவசம். 1993-ல் திறந்தது. தெருக்களுக்கு மேலே துண்டு துண்டாக 800 மீட்டர் நீளம். இவர்கள் ஒன்பதரைக்குப் போய் நின்றபோது படி முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் குடியிருப்பவர்கள் ஆபீஸுக்கு இறங்கும் நேரம். காலை பத்து மணிவரை அது கீழ்நோக்கி மட்டும்தான் ஓடும். பத்துக்குப் பிறகு திசை மாறும். அரை மணி நேரம் ஓரத்தில் நின்று, கழுத்துப்பட்டை போட்ட கூட்டம் இறங்கி ஓடுவதைப் பார்த்தார்கள்.

சண்டை வந்தது மதியம். 552 மீட்டர் உயர விக்டோரியா சிகரத்துக்குச் செங்குத்தாக ஏறும் பழமையான டிராம் ஒன்று உண்டு. 1888-லிருந்து ஓடுவது. மனைவிக்கு அதில் போக ஆசை. இருவருக்கும் போய்வர ஆகும் காசு, ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும் என்றார் கணவர். 15-ம் நம்பர் பஸ் இருக்கிறதே!

"எல்லாத்துக்கும் கணக்குப் பாத்தா, ஊர்லயே இருந்திருக்கலாம். அத்தை சொன்னது சரிதான்."

பஸ்ஸில் முக்கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை. ஆனால் மலைப்பாதை வளைய வளைய, ஒரு வளைவில் மரக்கிளை ஜன்னலை உரச, அடுத்த வளைவில் கட்டடங்களும் கடலும் காலடியில் தெரிந்தன. மேலே கட்டணம் வாங்கும் பார்வை மாடத்தை விட்டுவிட்டு, லுகார்ட் ரோட்டில் நடந்தார்கள். சிகரத்தைச் சுற்றிவரும் அமைதியான நடைபாதை. சிறிது தூரத்திலேயே துறைமுகம் முழுவதும் திறந்துகொள்கிறது. வருடா வருடம் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் இரு கரைகளும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பது அங்கிருந்து பார்த்தால் புரியும். இனிமேலும் குறுகக் கூடாது என்று 1997-ல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நடுவில் பச்சைப் புள்ளியாக ஊர்ந்தது நம் படகு.

அங்கே கணவர் இரண்டு ஐஸ்க்ரீம் வாங்கினார். நோட்டில் எழுதவில்லை. சமாதானம்!

சனிக்கிழமை தீவின் கிழக்கே 'டிராகன்ஸ் பேக்' மலைமுகட்டில் நடை. ஷாவ் கெய் வான் வரை டிராம், அங்கிருந்து 9-ம் நம்பர் பஸ், பிறகு காலே துணை. மாலையில் டெம்பிள் ஸ்ட்ரீட் இரவுச் சந்தை. விலை கேட்டதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை விரித்த அட்டை

ஞாயிறு மதியச் சாப்பாடு செலவில்லாதது. வான்சாய் பகுதி குருத்வாரா, 1901-ல் சீக்கியச் சிப்பாய்கள் முன்னின்று கட்டியது. எந்த மதமானாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ரொட்டி, பருப்பு, கீர். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவும் இடத்தில் இருவரும் அரை மணி நேரம் கை கொடுத்தார்கள். பிறகு டிராம் ஏறி சென்ட்ரல்.

இரண்டு நாள் முன்பு பார்த்த சென்ட்ரல் இல்லை அது. கோட் போட்டவர்கள் ஒருவரும் இல்லை. சாட்டர் ரோட்டில் வண்டிகள் இல்லை. நடைபாதை, நடைமேம்பாலம், படிக்கட்டு, எச்.எஸ்.பி.சி வங்கித் தலைமையகத்தின் அடியில் திறந்து கிடக்கும் தளம், எங்கு பார்த்தாலும் பெண்கள். ஆயிரக்கணக்கில். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, ஓரங்களில் அட்டையையே மடித்து முழங்கால் உயரச் சுவர் எழுப்பி, செருப்பை வெளியே விட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலைக்கு இன்னொருவர் பின்னல் போட, ஒரு வட்டத்தில் சீட்டாட்டம், ஒரு வட்டத்தில் நடன ஒத்திகை, ஒரு வட்டத்தில் டப்பாக்களில் சோறும் குழம்பும். தெருவோரத்தில் சிலர் ஊருக்கு அனுப்பப் பெரிய பெட்டிகளில் சோப்பு, பற்பசை, துண்டு, பிள்ளைகளின் ஷூ என்று அடுக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள். இந்தோனேசியப் பெண்கள் விக்டோரியா பூங்காப் பக்கம் கூடுகிறார்கள். ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பெண்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,000 டாலர் அளவில். வாரம் ஒரு நாள் விடுமுறை சட்டப்படி உரிமை. ஆனால் வேலை பார்க்கும் வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பதும் விதி. தனியாக அறை எடுக்க முடியாது. விடுமுறை நாளில் அந்த வீட்டில் இருந்தால் அது விடுமுறையாகவும் இருக்காது. ஹோட்டலில் உட்காரக் காசு ஆகும். அதனால் தெரு.

மனைவி முதல் நாள் அட்டைப்பெட்டியை வைத்துச் சொன்ன நகைச்சுவை இருவருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

கணவர் போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். முகங்களைக் காட்டாமல், தூரத்திலிருந்து தெருவை மட்டும் காட்டினார்.

"என்னப்பா, திருவிழாவா?"

"இல்லம்மா. வீட்டு வேலை பாக்குறவங்க. இன்னைக்கு லீவு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று கணவர் போனைத் தட்டினார்.

"அட்டை விரிச்சிருக்காங்களா? நாங்க பெட்ஷீட் விரிப்போம். மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் வெளியே விடுவாங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மரம் இருக்கும். அங்கதான். ஆந்திராக்காரி ஒருத்தி, சிலோன்காரி ஒருத்தி, நானு. கடையில உக்காந்தா காசாகும்ல? அந்தக் காசுக்கு உனக்கு ஒரு நோட்டு வாங்கலாம்."

எட்டு வருடக் குவைத் வாழ்க்கையைப் பற்றி அம்மா மகனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பதினைந்து நிமிடம் பேசினார். மரத்தடியில் யார் என்ன சாப்பாடு கொண்டுவருவார்கள் என்றுகூடச் சொன்னார். கடல் எப்படி இருந்தது என்று மருமகள் கேட்டதற்கு, "பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுவாங்க. போனதில்லம்மா" என்றார்.

அன்று இரவு கணவர் நோட்டைத் திறந்தார். எழுதவில்லை. "நாம அஞ்சு நாள் கணக்கு எழுதினோம். அம்மா எட்டு வருஷம் மனசுலயே எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* முன்வருகைப் பதிவு இல்லாமல் இந்தியர்கள் விமானம் ஏற முடியாது. ஆறு மாதம் செல்லும் என்பதால் டிக்கெட் போடும் முன்பே பதிவு செய்துவிடலாம்.
* ஆக்டோபஸ் கார்டு வாங்கிவிடுங்கள். பஸ், படகு, டிராம், மெட்ரோ, கடை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை.
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல பருவம். கோடையில் புழுக்கமும் புயலும் உண்டு.
* அறை சின்னதாகத்தான் இருக்கும். பெரிய சூட்கேஸைத் தவிர்த்து முதுகுப்பையோடு போங்கள்.
* இந்த ஜோடியின் கணக்கு: நான்கு இரவு வாடகை 15,400 ரூபாய், சாப்பாடு 10,200, பயணம் 5,600, இதர செலவு 2,500. மொத்தம் 33,700 ரூபாய். கோட்டுக்கு 1,300 ரூபாய் கீழே!

மிச்சப் பணம்

திங்கள்கிழமை காலை, விமானத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை கீழ்த்தட்டில் போய்த் திரும்பினார்கள். மீந்த 1,300 ரூபாயில் அம்மாவுக்குச் சேலை எடுக்கலாமா, ஸ்வெட்டர் எடுக்கலாமா என்று யோசித்து, எதுவும் எடுக்காமல் திண்டுக்கல் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் 600 போட்டோக்கள் காட்டினார்கள். வானுயரக் கட்டடங்களை அம்மா வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். படகின் மர பெஞ்ச் படத்தில் விரல் நின்றது.

"இதுக்கு டிக்கெட் எவ்வளவு?"

"கீழ்த்தட்டு நாலு டாலர்மா. நம்ம காசுக்கு நாப்பத்து நாலு ரூபா."

"அவ்வளவுதானா?" என்றவர், எழுந்து உள்ளே போனார். பீரோவில் துணிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து மகனிடம் நீட்டினார். உள்ளே காலாவதியான பழைய பாஸ்போர்ட்.

மிச்சமிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மறுவாரமே புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது.